ஓசி

தமிழுக்கு வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் சில, தாம் வந்த வழியையே மறந்து, நம் வீட்டுத் திண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவைபோல் உலவுகின்றன. 'ஓசி' என்னும் சொல் அத்தகையது. படித்தவர், படியாதவர், பட்டணத்தார், பட்டிக்காட்டார் என்ற வேறுபாடின்றி எல்லாரும் அதைக் கையாளுகிறோம். காசு கொடாமல் ஒன்றைக் கேட்பதற்கும் பெறுவதற்கும் இவ்வளவு சுருக்கமான சொல் நம்மிடம் வேறில்லை. ஓசிப் பேப்பர், ஓசிக் காப்பி, ஓசிப் பயணம், ஓசிச் சாப்பாடு என்று எதனோடும் அது ஒட்டிக்கொள்ளும். சொந்த ஊரைவிட்டு மும்பைக்கு வந்து குடியேறி, பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்று ஏங்கும் நம் குடும்பங்களில்கூட, இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை. 'அகர முதல' சொல்லத் தடுமாறும் சிறுவனும் 'ஓசியா?' என்று பிழையில்லாமல் கேட்டுவிடுகிறான்.

இந்தச் சொல்லுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டை ஆண்ட நாளில், அவர்களுடைய அலுவல் கடிதங்களின் உறைமேல் 'ஆன் கம்பெனி'ஸ் சர்வீஸ்', அதாவது 'கம்பெனியின் பணியில்', என்று எழுதப்படும். அந்தக் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாது. அச்சொற்றொடரின் முதல் இரண்டு எழுத்துகளான 'ஓ', 'சி' என்பவையே மக்கள் வாயில் 'ஓசி' ஆயின என்பர். கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிந்து நாடு அரசியின் கைக்கு மாறிற்று. 1874-இல் கம்பெனியே கலைந்து போயிற்று. கோட்டையும் கொத்தளமும் கட்டியாண்ட கம்பெனி போய்விட்டது. அதன் உறைமேல் இருந்த இரண்டு எழுத்துகள் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டன.

இந்த வரலாற்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதே வழக்கம். நாம் சற்று நின்று வேறொன்றைக் கேட்டுப் பார்ப்போம். கம்பெனியின் கடிதம் கூலியில்லாமல் சென்றது என்கிறோமே, அது தானாகவா சென்றது? சலங்கை கட்டிய ஈட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, காட்டிலும் மேட்டிலும் ஓடிய தபால் ஓட்டக்காரர் ஒருவர் அதைச் சுமந்து சென்றார். அவருக்குச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் கம்பெனியின் கஜானாவிலிருந்து வந்தது. கஜானா நிறைந்தது பெரும்பாலும் உழவன் கட்டிய நிலவரியால். ஆகவே சென்னையிலிருந்து தஞ்சைக்கு ஒரு துரை எழுதிய 'ஓசி'க் கடிதத்துக்கு, அதைப் படிக்கவே தெரியாத ஒரு குடியானவன் கூலி கொடுத்தான். ஓசி என்பது விலையில்லாத பொருள் அன்று. விலையை வேறொருவர் கொடுத்த பொருள். இது ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பின்வந்த அரசினர் இதை உணர்ந்தே நடந்தனர் போலும். 1854-இல் தூரத்தைப் பாராமல் கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா என்று நாடெங்கும் ஒரே கட்டணம் வந்தது. 1866 முதல் அரசாங்க அலுவலகங்களுக்கென்றே 'சர்வீஸ்' என்று மேலச்சிட்ட தபால் தலைகள் வெளியாயின. அரசாங்கமே தன் கடிதத்துக்குத் தலை ஒட்டிக் கணக்கு வைக்கத் தொடங்கியது. யாருடைய செலவு எவ்வளவு என்று தெரியவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. கணக்கு வைத்த இடத்தில் ஓசி இல்லை. சலுகையோ, மானியமோ, கடமையோதான் உண்டு.

இனி, நம் முன்னோர் கேட்பதைப் பற்றி என்ன நினைத்தனர் என்று பார்ப்போம். தொல்காப்பியர் கேட்கும் சொற்களுக்கென்று தனி இலக்கணமே வகுத்தார். 'ஈ' என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். 'தா' என்பது ஒத்தோன் ஒத்தோனிடம் கேட்கும் சொல். 'கொடு' என்பது உயர்ந்தோன் தன்னிற் குறைந்தோனிடம் கேட்கும் சொல் என்பது அவர் காட்டிய வழக்கு. ஏற்றத்தாழ்வை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இலக்கணத்தில் ஒளிந்திருக்கும் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கேட்கும்போது, கேட்பவர் யார், கொடுப்பவர் யார், இருவருக்கும் உள்ள உறவு என்ன என்பது அந்தச் சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. கேட்பவன் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க முடியும்.

'ஓசி' என்னும் சொல்லில் முகமே இல்லை. 'ஓசியில் கிடைக்கிறதாம்' என்கிறோம். யார் கொடுக்கிறார் என்று சொல்வதில்லை. 'ஓசியில் வாங்கினான்' என்கிறோம். யாரிடம் என்று சொல்வதில்லை. கொடுத்தவர் அந்தச் சொல்லில் மறைந்தே போகிறார். நன்றி சொல்லவும் இடமில்லை. கடன்பட்டோம் என்று நினைக்கவும் இடமில்லை.

வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அடுத்ததாக 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வைத்தார். ஒளிக்காமல் கொடுப்பவரிடம் கேட்பதில் இழிவில்லை என்று முன்னதில் சொன்னவர், கேட்காமல் வாழ்வதே மேல் என்று பின்னதில் சொன்னார். ஔவையும் ஆத்திசூடியில் ஈகையை வலியுறுத்தி, ஏற்பதைத் தாழ்வென்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கேட்பது கூச்சத்தோடும் பொறுப்போடும் செய்யவேண்டிய செயல் என்பது தெரியும். ஓசி அந்தக் கூச்சத்தைத் துடைத்துவிடுகிறது.

காசில்லாமல் பெறுவன எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு நம் மொழியே சான்று. தானம் வேறு, தர்மம் வேறு, இனாம் வேறு, கொசுறு வேறு. இனாம் அரபிச் சொல். அரசர்களும் நவாபுகளும் கோயிலுக்கும் வித்துவானுக்கும் ஊழியக்காரனுக்கும் விட்ட நிலத்துக்கு அப்பெயர். தமிழகத்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அந்த இனாம் முறை ஒழிந்து, நிலங்கள் ரயத்துவாரிப் பட்டாவுக்கு மாறின. முறை போனாலும் சொல் நின்றது.

கொசுறு என்பது இன்னும் இனியது. காய்கறி வாங்கி முடிந்தபின் கடைக்காரர் தாமாகப் பையில் போடும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு. அது கடைக்காரரின் மனம். நாளையும் வருவீர்கள் என்னும் நம்பிக்கை. தில்லியிலும் காய்கறிக்காரர் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சேர்த்துப் போடுவார். இங்கே மும்பையில் பானிப்பூரி தின்று முடித்தவருக்குக் கடைசியாக ஒரு 'சூக்கா பூரி' கிடைக்கும். கொல்கத்தாவில் ஃபுச்காக்காரர் தரும் அந்த ஒன்றுக்கு 'ஃபாவ்' என்று பெயர். கைப்பேசியில் விரலால் தட்டிக் காய்கறி வரவழைக்கும் வீடுகளில் கறிவேப்பிலையும் தனி விலையோடு பட்டியலில் ஏறி வருகிறது. அங்கே கொசுறு கேட்க எதிரே முகம் இல்லை.

ஆக, கொசுறு கேட்பவர் முன்னரே காசு கொடுத்தவர். ஓசி கேட்பவர் ஒன்றும் கொடாதவர். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியோடு வருபவர் யார், எவர் என்று அங்கே கேட்பதில்லை. சீக்கியர்களின் குருத்துவாராக்களில் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் செல்வரும் வறியவரும் ஒரே தரையில் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். உண்டவர் எழுந்து பாத்திரம் துலக்கவும் ரொட்டி தட்டவும் போகின்றனர். அங்கு உண்டதை யாரும் 'ஓசிச் சாப்பாடு' என்று சொல்லத் துணியமாட்டார். ஏன்? கொடுப்பவர் கண்முன் இருக்கிறார். உண்பவரும் கொடுப்பவராக மாற வழி இருக்கிறது. அந்த இரண்டும் இருந்தால் ஓசி என்னும் சொல் நாவில் எழாது.

ஓசி என்னும் சொல்லின் மற்றொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். அது எப்போதும் அடுத்தவரைப் பற்றியே பேசும். நாம் பெற்றால் சலுகை. அடுத்தவர் பெற்றால் ஓசி. கனவான்கள் பெற்றால் அதற்குப் பெயரே வேறு. கச்சேரி நடக்கும் மண்டபத்தில் முதல் இரண்டு வரிசைகளைப் பாருங்கள். அங்கே அமர்ந்திருப்பவர்கள் கையில் 'காம்ப்ளிமெண்டரி' என்று அச்சிட்ட அட்டை இருக்கும். பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர். காசு கொடுத்தவர் தூணைப் பார்க்கிறார். கொடாதவர் பாடகரைப் பார்க்கிறார். இருந்தும் முன்வரிசையாரை ஓசி என்று அழைத்தவர் உண்டா? ஓசி என்பது எளியவர்மேல் மட்டும் எறியப்படும் கல்லாகிவிட்டது.

தமிழகத்தில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் விரிந்தது. 1982 ஜூலையில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. சமைத்த மதிய உணவை நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. தட்டை ஏந்தி அந்த வரிசையில் நின்றவர்களில் நாமும் உண்டு. சோற்றின் சூடு இன்னும் நினைவில் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று 'ஓசிச் சோறு' என்று ஒருவர் சொன்னதும் நினைவில் இருக்கிறது. பசித்த பிள்ளைக்கு நாடு இட்ட சோற்றை அவர் ஒரு சொல்லால் பிச்சையாக்கிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு மறுநாள் தட்டைக் கொண்டுவராமல் பட்டினி கிடந்த பிள்ளைகளும் உண்டு. சொல்தானே என்று தள்ளிவிட முடியாது. சொல் வயிற்றையும் தொடும்.

அண்மையில் நடந்ததையும் வாசகர்கள் அறிவர். தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று 2021 மே மாதத்தில் அரசு ஆணையிட்டது. அதற்குரிய தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. மறு ஆண்டு அமைச்சர் ஒருவர் ஒரு கூட்டத்தில் அந்தப் பயணத்தை 'ஓசி' என்று குறிப்பிட்டுவிட்டார். நாடெங்கும் அது பெரிய பேச்சாயிற்று. ஓசியில் வரமாட்டேன் என்று நடத்துனரிடம் காசை நீட்டி வாதாடிய மூதாட்டி ஒருவரின் படமும் பரவிற்று. அதன் அரசியலில் நமக்கு அக்கறையில்லை. ஆனால் சில ரூபாய்ச் சீட்டுக்காக அவ்வளவு பெரிய வருத்தம் ஏன் எழுந்தது என்பதை எண்ண வேண்டும். விடியற்காலையில் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண், தன் உழைப்பும் வரியும் சேர்ந்த ஒரு நாட்டின் ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறாள். அவளை ஓசி என்பது, கொடுத்தவளையே கொடாதவளாக்கும் பேச்சு.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால், ரயில்வே குமாஸ்தா எழுதிய கட்டுரை என்று யாரும் நம்பமாட்டார். சீட்டு வாங்காமல் பயணம் செய்பவரை நம் ஊரில் 'வித்தவுட்' என்பார்கள். இதுவும் ஆங்கிலத் தொடரொன்றின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட சொல்தான். 'டிக்கெட்' என்னும் உடல் போய்விட்டது. 'இல்லாமல்' என்னும் தலை மட்டும் நிற்கிறது. அது குற்றம், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அதற்குத் தண்டனை வகுத்திருக்கிறது. அதில் வாதமில்லை.

ஆனால் சீட்டு வாங்கியவர் முழு விலை கொடுத்தவரா? பல ஆண்டுகளாகப் பயணச்சீட்டிலேயே ஒரு வரி அச்சாகி வந்ததைப் பலர் படித்திருக்கமாட்டார்கள். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதம் மட்டுமே கட்டணமாகத் திரும்புகிறது என்பதே அந்த வரியின் செய்தி. மீதியில் பெரும்பங்கைச் சரக்கு வண்டிகளின் வருமானம் தாங்குகிறது. அந்தச் சரக்கில் முதலிடம் நிலக்கரிக்கு. தாதரிலும் லோகமான்ய திலக் முனையத்திலும் பெட்டி படுக்கையோடு ஏறி ஊருக்குப் போகும் நம் ஒவ்வொருவரையும், எங்கோ ஒரு நிலக்கரி வண்டியும் சேர்ந்தே இழுத்துச் செல்கிறது. முழுச் சீட்டு வாங்கினேன் என்று நிமிர்ந்து உட்காருகிறவரும் ஒரு பங்கு பிறர் செலவில்தான் போகிறார்.

மூத்த குடிமக்களில் அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணக் குறைப்பு இருந்தது. விரும்பினால் அதைப் பாதியாகவோ முழுமையாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்று 2017-இல் ஒரு வழியும் செய்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனா நோய் பரவிய காலத்தில், அந்தக் குறைப்பு நிறுத்தப்பட்டது. அது இருந்த நாளில் நம் வீட்டுப் பெரியவர்கள் எவரும் 'ஓசியில் பாதி வழி போகிறேன்' என்று சொன்னதில்லை. நின்றபோது 'எங்கள் உரிமை போயிற்றே' என்றார்கள். அவர்கள் சொன்னது தவறில்லை. உழைத்து ஓய்ந்தவர்க்கு நாடு காட்டிய மரியாதை அது. பேருந்தில் ஏறும் பெண்ணுக்கும் அதே அகராதியைப் பயன்படுத்துங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ரயில்வே ஊழியரின் பாஸைப் பற்றியும் உறவினரிடையே தவறான எண்ணம் உண்டு. நம் போன்ற ஊழியர்களுக்கு ஐந்தாண்டுப் பணி நிறைந்தபின் ஆண்டுக்கு மூன்று பாஸ்கள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் பயணம் செய்யும் சீட்டாணைகளும் உண்டு. மனைவி மக்களும், விதிகளுக்குட்பட்டுச் சார்ந்திருப்போரும் அதில் வரலாம். 2020-லிருந்து அதைக் கணினி வழியே பெறும் முறையும் வந்துவிட்டது. இது இரவுப்பணிக்கும், பண்டிகை நாளில் ஊருக்குப் போகமுடியாமல் பிறரை ஊருக்கு அனுப்பிவைக்கும் உழைப்புக்கும் சம்பளத்தோடு சேர்ந்து வரும் பங்கு.

உறவில் பெரியவர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சினிடையே, "மாப்பிள்ளை, உங்களிடம்தான் ஓசிப் பாஸ் இருக்கிறதே! என் பையனையும் தம்பி என்று அதில் எழுதிவிட்டால் யாருக்கு நஷ்டம்?" என்றார்.

"மாமா, அது ஓசி இல்லை. சம்பளத்தில் ஒரு துண்டு. பொய் எழுதினால் துண்டும் போகும், சம்பளமும் போகும்" என்றோம்.

"கவர்ன்மெண்டு வண்டிதானே? காலியாகத்தானே ஓடுகிறது?" என்றார் அவர்.

மும்பையிலிருந்து தெற்கே போகும் வண்டி காலியாக ஓடியதை நாம் இதுவரை கண்டதில்லை. அந்தப் பையன் பெயரில் பொய்யாக ஒரு படுக்கை போயிருந்தால், காத்திருப்போர் பட்டியலில் இருந்த எவரோ ஒருவர் கழிவறைக் கதவருகே துண்டை விரித்துப் படுத்திருப்பார். கம்பெனிக் கடிதத்துக்கு உழவன் கூலி கொடுத்ததுபோல, அந்த ஓசிக்கு அவர் முதுகு கூலி கொடுத்திருக்கும். மாமா சிலநாள் பேசாதிருந்தார். பிறகு பையனுக்கு முன்கூட்டியே சீட்டுப் பதிவுசெய்து கொடுத்தோம். காசை அவரே எண்ணிக் கொடுத்தார். உறவு கெடவில்லை.

இனி, நம்மவர் கூடி வாழும் இடத்துக்கு வருவோம். மராத்தியில் 'ஃபுகட்' என்றும், இந்தியில் பாரசீகத்திலிருந்து வந்த 'முஃப்த்' என்றும் சொல்வதை நாம் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கிறோம். அந்த மொழிகளில் நாம் யாரிடமும் எளிதில் இலவசம் கேட்பதில்லை. வெளியாரிடம் பேரம் பேசுவோம். கடைசியில் காசைக் கொடுத்துவிடுவோம். ஓசி கேட்பதற்கு நாம் தேடிப்பிடிப்பது நம்மவரைத்தான். 'நம்மாளுதானே' என்னும் ஒரு சொல் போதும். அதன்பின் கூலி என்னும் பேச்சே எழாது. தமிழ்த் தையற்காரர், தமிழ் மின்பணியாளர், தமிழ்க் கணக்கர், தமிழ் மருத்துவத் தாதி, எல்லாரும் நமக்கு 'நம்மாளு'.

நாம் இருக்கும் பகுதியில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த மின்பணித் தம்பி ஒருவர் இருக்கிறார். பத்தொன்பது வயதில் வந்தவர். மின்விசிறி பழுது, மீட்டர்ப் பெட்டி பழுது என்றால் முதலில் அவரைத்தான் அழைப்போம். பொங்கல் விழாவுக்குப் பந்தலில் விளக்கும் ஒலிபெருக்கியும் இணைத்துக் கொடுப்பவரும் அவரே. ஓராண்டு விழா நெருங்கியும் அவரைக் காணவில்லை. கடைக்கே போய்க் கேட்டோம்.

"வராமல் இல்லை அண்ணாச்சி," என்றார். "அடுத்த வீட்டு மராத்திக்காரம்மா காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார்கள். நம்ம வீடுகளில் காப்பி கிடைக்கும், பலகாரம் கிடைக்கும், ஊர்க்கதை கிடைக்கும். காசு மட்டும் கிடைக்காது. ஊரில் அம்மா சீட்டுக் கட்டவேண்டும். காப்பியை ஊருக்கு அனுப்ப முடியுமா, அண்ணாச்சி?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. ஆண்டு முழுவதும் தமிழர் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறோம். அந்த ஒற்றுமைக்கு ஆகும் செலவை நம்மில் வருமானம் குறைந்தவர் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாது. சொன்னால் 'நம்மாளாக இருந்தும் காசு கேட்கிறானே' என்பார்கள். இறுதியில் அவர் ஒதுங்கிக்கொள்வார். நாம் ஒரு மின்பணியாளரை இழப்பதோடு நில்லாமல், ஒரு தமிழரையும் சங்கத்திலிருந்து இழப்போம்.

விழாக் குழுவில் இதை எடுத்துச் சொன்னோம். 'சேவைக்குக் கூலியா?' என்று சிலர் கேட்டனர். 'பந்தற்காரருக்கும் சமையற்காரருக்கும் கொடுக்கவில்லையா?' என்று மற்றொரு பெரியவர் திருப்பிக் கேட்டார். வெளியார் கேட்கும் கூலியையே அவருக்கும் கொடுப்பதென்று முடிவாயிற்று. விழா முடிந்த மறுநாள் தம்பி கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு அதில் ஒரு பகுதியை எடுத்து மேசைமேல் வைத்து, "இது சங்கத்துக்கு என் நன்கொடை, பெயர் போட்டு ரசீது கொடுங்கள்" என்றார்.

அந்த ரசீதை நாம்தான் எழுதினோம். அவர் முன்பெல்லாம் இதைவிட அதிகமாகவே சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. கூலி கொடுத்த பின்புதான் அவரால் நன்கொடை கொடுக்க முடிந்தது. கொடுக்கும் பெருமையை அவரிடமிருந்து முன்னமே எடுத்துக்கொண்டவர்கள் ஓசி கேட்ட நாமெல்லாரும்தான்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் நிலையும் இதுவே. அம்மையார் ஒருவர் வாரந்தவறாமல் இரண்டு மின்ரயில் மாறி வந்து கற்றுக்கொடுக்கிறார். கட்டணம் இல்லை, சன்மானமும் இல்லை. பிள்ளைகளில் பாதிப்பேர் பாதி நாள் வருவதில்லை. அதே பிள்ளைகள் கட்டணம் கட்டிய கராத்தே வகுப்புக்கு, ஆடி மாத மழையில் தண்டவாளம் நீரில் முழுகினாலும் குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள். 'தமிழ் வகுப்பு ஓசிதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தாய்மாரே சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மையார் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நால்வருக்காக அவர் நாற்பது பேருக்குரிய குரலில் பாடம் சொல்வார். அவருடைய ஞாயிற்றுக்கிழமையின் விலை என்ன என்று எவரும் கேட்டதில்லை. மொழி மறந்துபோகுமே என்று புலம்புவதற்குமுன், மொழியைச் சொல்லிக்கொடுப்பவரின் வண்டிச் சத்தத்தையாவது நாம் நினைக்கவேண்டாவா?

இதனால், யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது நம் கருத்தன்று. அயலூரில் வாழ்பவர்க்குக் கேட்டுப் பெறும் உதவி உயிர்நாடி. புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் மாதம் பாய் கொடுத்தவர், பிரசவத்துக்குத் துணை வந்தவர், இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர் ஆகிய இவர்களால்தான் நாம் இங்கே வேர் பிடித்தோம். அந்த உதவியை யாரும் ஓசி என்பதில்லை. அதற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் உண்டு. வாய்ப்பு வரும்போது நாமும் திருப்பிச் செய்கிறோம். அவருக்கே செய்ய முடியாவிட்டால் அடுத்து வருபவருக்குச் செய்கிறோம்.

நாம் வேண்டுவது இவ்வளவே. தொழில் செய்து பிழைப்பவரை அழைத்தால், வேலை தொடங்குமுன்பே கூலி என்னவென்று நாமே கேட்டுவிடுவோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையதாக இருக்கட்டும். காசில்லாமல் ஒன்றைப் பெற்றால், கொடுத்தவர் யார் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுவோம். நாடு தரும் உணவையும் பயணத்தையும் பெறுபவரைப் பார்த்து அந்தச் சொல்லை எறியாதிருப்போம். அதற்கான பணத்தில் அவர் பங்கும் இருக்கிறது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் பணமாக வந்த நன்கொடையோடு, உழைப்பாக வந்த நன்கொடையையும் பெயரிட்டு அச்சிடுவோம். தமிழ் வகுப்பு அம்மையாரின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கட்டும். அவருடைய வண்டிச் செலவுக்கு அடுத்த கூட்டத்திலேயே ஒரு தொகை ஒதுக்கப்படட்டும். அதை முன்மொழிவதாக நாம் முடிவு செய்திருக்கிறோம். வழிமொழிய அன்பர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறோம்.